12 வோல்ட் என்ன செய்துவிடும்? யாட் எஞ்சின் அறையில் மின்சாரம் தீ வைக்கும் விதம்

ஒரு 12 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனைகளையும் உலர்ந்த கைகளால் ஒரே நேரத்தில் பிடித்தால் ஒன்றுமே ஆகாது. சுருக்கென்றுகூட இருக்காது. அதே பேட்டரியின் மேல் கை தவறி ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் பொறி பறக்கும், ஸ்பேனர் முனையோடு பற்றிக்கொண்டு பிடுங்கினாலும் வராது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவக்க ஆரம்பிக்கும். அதனால்தான் பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். ஸ்பேனருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மோதிரம் மாட்டிக்கொண்டால், அது விரலிலேயே பழுத்துவிடும்.

பேட்டரி ஒன்றுதான், குறுக்கே வந்த பொருள்தான் வேறு. உலர்ந்த தோலின் மின்தடை பல ஆயிரம் ஓம், ஸ்பேனருக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். வோல்ட் குறைவாக இருப்பது நம் உடம்புக்கு நல்ல செய்தி, அவ்வளவுதான். ஒயருக்கு அது நல்ல செய்தி இல்லை, சொல்லப்போனால் கெட்ட செய்தி. ஏன் என்பது கொஞ்சம் கணக்கு போட்டால் புரியும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

மோட்டார் யாட்டில், அதாவது எஞ்சினில் ஓடும் உல்லாசப் படகில், தீ என்றதும் எல்லோருக்கும் டீசல் கசிவும் பெட்ரோல் ஆவியும் சமையல் அடுப்பும்தான் நினைவுக்கு வரும். அவையும் உண்டு. ஆனால் எரிந்த படகைக் கிளறிப் பார்க்கிறவர்கள் அடிக்கடி போய் நிற்கும் இடம் மின் இணைப்புகள்தான். எரிபொருள், பிளாஸ்டிக், பிசின் எல்லாம் எரிகிற பொருட்கள். அவற்றைப் பற்றவைக்க யாராவது வேண்டுமே, அந்த வேலையை மின்சாரம் செய்கிறது. அதுவும் பெரிய மெஷின் ஏதோ வெடித்து அல்ல, பல நேரம் சரியாக இறுக்காத ஒரு நட்டு போதும்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். யாட்டின் எஞ்சின் அறை பெரிய கப்பலில் இருப்பதுபோல் நிமிர்ந்து நடக்கக்கூடிய கூடம் இல்லை. நடுத்தர அளவு யாட்டில் தரைப் பலகையைத் தூக்கி, முட்டி போட்டு, பக்கவாட்டில் நகர்ந்து போக வேண்டிய பொந்து அது. அதற்குள் இரண்டு எஞ்சின்கள், ஒரு ஜெனரேட்டர், பேட்டரி வரிசை, சார்ஜர், இன்வெர்ட்டர், வெந்நீர்த் தொட்டி, குளிர்சாதனக் கம்ப்ரஸர், படகின் அடிப்பள்ளமான பில்ஜில் சேரும் நீரை வெளியேற்றும் பம்புகள், எரிபொருள் ஃபில்டர்கள் என்று மேல்தளத்தில் இருப்பவர்கள் பார்க்க விரும்பாத அத்தனையும் அடைந்து கிடக்கும். எஞ்சின் ஓடும்போது உள்ளே 50 டிகிரி வெப்பம் சாதாரணம். அதிர்வு ஓயாது. கடல் காற்றோடு வரும் உப்பு எல்லாவற்றின் மேலும் படியும், உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் இருப்பதால் ஒருமுறை படிந்த படலம் முழுசாக உலர்வதே இல்லை. போதாததற்குச் சத்தத்தைத் தடுக்க ஒட்டிய ஸ்பாஞ்சில் எண்ணெய் ஊறியிருக்கும், சுவர் முழுக்கக் கண்ணாடி இழையும் பிசினும். மின் இணைப்பு வைக்க இதைவிட மோசமான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அந்த 50 டிகிரி சும்மா சொன்னதில்லை. அமெரிக்கப் படகு, யாட் கவுன்சில், அதாவது ஏபிஒய்சி, தன் மின் விதிகளில் எஞ்சின் அறைக்கு அந்த வெப்பநிலையை வைத்துத்தான் ஒயர் கணக்கு போடுகிறது. 105 டிகிரி தாங்கும் இன்சுலேஷன் உள்ள கேபிள் எஞ்சின் அறைக்குள் நுழைந்தவுடன் அதன் தாங்குதிறனில் 15 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும். வெளியே 330 ஆம்ப் தாங்கும் தடித்த கேபிளுக்கு உள்ளே 280 ஆம்ப்தான் கணக்கு. ஒயர் ஏற்கெனவே சூடாக இருக்கிறது, அதனால் இன்னும் சூடாக இடமில்லை. படகு கட்டி முடித்த பிறகு கூடுதலாக எதையாவது மாட்டுகிறவர்கள் மறக்கிற முதல் விஷயம் இது.

சரி, இப்போது கணக்கு.

மேலே யாரோ 1200 வாட் கெட்டில் ஒன்றைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஓடினால் ஒயரில் ஓடுவது சுமார் 5 ஆம்ப். அதே கெட்டில் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓடினால், 12 வோல்ட் பக்கத்தில் 100 ஆம்ப் ஓட வேண்டும். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்குக் கரண்ட் ஏறியே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

இனி ஒரு இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட்டில் கேபிளின் லக், அதாவது கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம், மாட்டி நட்டு இறுக்கியிருக்கிறது, ஆனால் சரியாக இறுகவில்லை, அல்லது இடையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. அந்த இடத்தில் 0.005 ஓம் மின்தடை வந்துவிட்டது என்று வைப்போம். ஒரு ஓமில் இருநூறில் ஒரு பங்கு. சாதாரண மல்டிமீட்டரை வைத்து ஓம் அளந்தால் காட்டாது. இணைப்பில் உண்டாகும் சூடு என்பது கரண்டைக் கரண்டாலேயே பெருக்கி, அப்புறம் மின்தடையால் பெருக்கினால் வருவது. 5 ஆம்ப் ஓடினால் எட்டில் ஒரு வாட், ஒன்றுமே இல்லை. 100 ஆம்ப் ஓடினால் 50 வாட்.

50 வாட் என்றால் என்ன? மின்சாதனம் பழுது பார்ப்பவர் மேசையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 முதல் 60 வாட். ஈயத்தை உருக்குகிற கருவி. அப்படி ஒன்றைச் சூடேற்றி, பிளாஸ்டிக் மூடிக்குள்ளே, எண்ணெய் படிந்த ஒயர்களுக்கு நடுவில் செருகி வைத்துவிட்டு, மேலே போய்க் காபி குடிக்கிறோம் என்று அர்த்தம். செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதால் கொஞ்சம் கேபிள் வழியாகப் பரவிவிடும், அதனால் உடனே பற்றிக்கொள்ளாது. அதுதான் இதில் உள்ள பெரிய ஏமாற்று. ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு பருவம் முழுக்கக்கூட அது அப்படியே ஓடும்.

ஓடும்போதெல்லாம் நிலைமை மோசமாகிக்கொண்டே இருக்கும். சூடானதால் உலோகம் விரிகிறது, அணைத்ததும் சுருங்குகிறது, ஒவ்வொரு தடவையும் நட்டு இம்மி அளவு தளர்கிறது. சூடான செம்பின் மேல் ஆக்ஸைடு படலம் வேகமாக வளர்கிறது, அதனால் மின்தடை கூடுகிறது, கூடியதால் சூடு அதிகமாகிறது, சூடு அதிகமானதால் மறுபடி படலம். இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்பதில்லை. லக்கின் நிறம் மங்கிப் பழுப்பாகும், பக்கத்து இன்சுலேஷன் முதலில் விறைக்கும், பிறகு இளகும், பிறகு கருகும். கடைசியில் இணைப்பில் தலைமுடி அளவு இடைவெளி விழுந்து அதற்கு நடுவில் பொறி தாவ ஆரம்பித்தால், அந்தப் பொறியின் வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரி.

இப்போது புதிதாகப் படிப்பவர்கள் கேட்கும் கேள்வி வரும்: ஃபியூஸ் எதற்கு இருக்கிறது?

ஃபியூஸுக்குச் சூடு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது தன் வழியாக ஓடும் கரண்ட் மட்டும். மேலே சொன்ன சுற்றில் 150 ஆம்ப் ஃபியூஸ் இருக்கிறது, ஓடுவது 100 ஆம்ப், ஃபியூஸின் கணக்கில் எல்லாம் நலம். இணைப்பு தளர்ந்தால் கரண்ட் கூடாது, இன்வெர்ட்டர் குறைந்த வோல்ட்டை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் 150ஐத் தொடாது. லக் சிவந்து பக்கத்தில் எல்லாம் உருகி வழிந்தாலும் ஃபியூஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஃபியூஸும் பிரேக்கரும் ஒயரைக் காப்பாற்ற வைத்தவை. அதில் தாங்க முடியாத கரண்ட் ஓடினால்தான் வெட்டும். இணைப்பைக் காப்பாற்ற உங்கள் கண்ணையும் மூக்கையும் தவிரச் சாதாரண யாட்டில் யாரும் இல்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய யாட்களில் 24 வோல்ட் ஏன் வைக்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வோல்ட் இரட்டிப்பானால் கரண்ட் பாதி, கரண்ட் பாதியானால் அதே இணைப்பில் சூடு கால்வாசி. 50 வாட் இருந்த இடத்தில் பன்னிரண்டரை.

ஃபியூஸ் வேலை செய்யும் இடம்

இரண்டாவது வகை வேறு மாதிரி. பேட்டரியின் பாசிட்டிவ் கேபிள் ஒன்று எஞ்சினின் ஏதோ ஒரு விளிம்பை உரசிக்கொண்டு போகிறது. கையால் தொட்டால் கூர்மையாகவே தெரியாத விளிம்பாக இருக்கும். ஆனால் எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் தடவை சுழலும்போது அந்த உரசல் அரம் போட்டதுபோல் இன்சுலேஷனைத் தின்னும். செம்பு வெளியே வந்து எஞ்சின் உடலைத் தொட்டவுடன் ஷார்ட், ஏனென்றால் பெரும்பாலான படகுகளில் எஞ்சின் உடல் பேட்டரியின் நெகட்டிவ்வோடு இணைந்திருக்கும். பேட்டரியின் உள்தடை மிகக் குறைவு, அதனால் ஷார்ட்டில் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும். கேபிள் முழு நீளத்துக்கும் ஹீட்டர் கம்பிபோல் சூடாகி, போகும் வழியில் தொட்டதையெல்லாம் பற்றவைக்கும்.

இங்கேதான் ஃபியூஸ் உயிர் காக்கிறது, ஆனால் அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டுமே. மூன்று மீட்டர் தள்ளி, அழகான பேனலில் ஃபியூஸை வைத்தால், பேட்டரிக்கும் பேனலுக்கும் இடையே உள்ள மூன்று மீட்டர் கேபிளுக்குக் காவல் இல்லை. ஏபிஒய்சி விதி பொதுவாக மின்மூலத்திலிருந்து 7 அங்குலத்துக்குள், அதாவது 175 மில்லிமீட்டருக்குள் ஃபியூஸ் வேண்டும் என்கிறது. நேரடியாகப் பேட்டரியிலிருந்து கிளம்பும் கேபிளை முழுக்க உறைக்குள் போட்டுக் கொண்டுபோனால் 72 அங்குலம் வரை விடுகிறது. 450 மில்லிமீட்டருக்கு ஒரு இடத்தில் கேபிளைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்பதும் இதே உரசலுக்குப் பயந்து வைத்த விதிதான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. படகிலேயே தடித்த கேபிள், அதிகக் கரண்ட் இழுக்கும் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போவது. பல படகுகளில் அதற்கு மட்டும் ஃபியூஸே கிடையாது, விதியிலேயே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். எஞ்சினைத் திருப்பும் கணத்தில் பல நூறு ஆம்ப் இழுக்கும் என்பதால், அதைத் தாங்கும் ஃபியூஸ் வைத்தால் மற்ற நேரம் பெரிதாகப் பயன்படாது, சின்னதாக வைத்தால் அவசரத்தில் எஞ்சின் கிளம்பாமல் போகும் என்பது வாதம். வாதம் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அதன் பொருள், அந்தக் கேபிளுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அதை எங்கேயும் உரசாமல் கொண்டுபோவது. எஞ்சின் அறைக்குள் போய் எதையாவது ஒன்றைக் கையால் தடவிப் பார்க்க உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் ஸ்டார்ட்டர் கேபிளைத் தடவிப் பாருங்கள், எஞ்சினை அணைத்து, மெயின் சுவிட்சையும் அணைத்த பிறகு.

ஃபியூஸிலும் வகை பார்க்க வேண்டும். ஷார்ட்டில் பாயும் கரண்டை உண்மையிலேயே வெட்டும் சக்தி அதற்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபியூஸ் உருகிய பிறகும் அதற்குள்ளேயே பொறி பாலம் போட்டு ஓடிக்கொண்டிருக்கும். லித்தியம் பேட்டரிகள் ஈயப் பேட்டரிகளைவிட அதிகமாக ஷார்ட் கரண்டைத் தள்ளக்கூடியவை. அதனால்தான் அவற்றோடு 20,000 ஆம்ப் வரை வெட்டக்கூடிய கிளாஸ் டி (Class T) வகை ஃபியூஸைப் போடச் சொல்கிறார்கள்.

பொறி பாலம் போடுவது என்று சொன்னேன் இல்லையா, டிசியில், அதாவது பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரத்தில், அது ஒரு தனித் தொல்லை. கரையிலிருந்து வரும் ஏசி, அதாவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம், நொடிக்கு 50 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை பூஜ்யத்தைத் தொடும், ஆக நொடிக்கு 100 தடவை பொறிக்கு மூச்சு நிற்கும். பேட்டரியின் டிசிக்கு அப்படி ஓய்வே கிடையாது, பிடித்த பொறி பிடித்தபடி எரியும். வீட்டுக்கு வாங்கிய ஏசி பிரேக்கரை, அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று படகின் டிசி சுற்றில் மாட்டக் கூடாது என்பது இதனால்தான்.

ஏசி பக்கம் சாது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் வழி வேறு. உப்பும் தூசியும் ஈரமும் படிந்த இன்சுலேஷனின் மேற்பரப்பில் மிகச் சின்னக் கரண்ட் ஒன்று ஊர்ந்து போகும். ஊர்ந்த இடம் மெல்லக் கருகும். கரி மின்சாரத்தைக் கடத்தும், அதனால் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊரும், இன்னும் கொஞ்சம் கருகும். மரத்தின் கிளைபோல் கறுப்புக் கோடுகள் ஓடியிருப்பதைப் பழைய வெந்நீர்த் தொட்டியின் டெர்மினல் பிளாக்கில் பார்த்தால் அது இதுதான். துறையில் கட்டிவைத்து ஆள் இல்லாத படகில் தீப்பிடிக்கும்போது சந்தேகம் முதலில் கரை மின்சாரத்தின் பக்கம் திரும்பும்: ராத்திரி முழுக்க ஹீட்டரும் சார்ஜரும் ஓடும், பிளக்கின் முனையில் களிம்பு, மணிக்கணக்காக முழுக் கரண்ட்.

ஆல்டர்நேட்டரும் பேட்டரியும்

லித்தியம் வந்த பிறகு ஒரு புதுப் பிரச்சினை சேர்ந்திருக்கிறது. ஈயப் பேட்டரி நிரம்ப நிரம்பத் தானாகவே குறைவாக வாங்க ஆரம்பிக்கும், எஞ்சின் ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டருக்கு ஓய்வு கிடைக்கும். லித்தியம் பேட்டரி கடைசிவரை கொடுத்ததையெல்லாம் வாங்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்நேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், காற்று போதாது, ஆனால் கரண்ட் மட்டும் உச்சத்தில். சாதாரண எஞ்சினோடு வந்த ஆல்டர்நேட்டர் இந்த நிலையில் மணிக்கணக்கில் ஓட வடிவமைக்கப்பட்டதே இல்லை. வெப்பநிலையைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளும் வெளி ரெகுலேட்டர் இல்லாமல் ஈயத்தை எடுத்துவிட்டு லித்தியத்தை அப்படியே வைப்பது, என் பார்வையில், இன்றைக்கு யாட்களில் நடக்கும் மிக ஆபத்தான 'மேம்பாடு'.

லித்தியம் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் எல்லாம் ஒரே குணம் இல்லை. படகுகளில் அதிகம் போடும் இரும்பு பாஸ்பேட் வகை, போனிலும் காரிலும் வரும் பல வகைகளைவிட வெப்பத்துக்கு நிதானமானது. அப்படியும் அதன் இணைப்புகள் மேலே சொன்ன நட்டுக் கதைக்கு உட்பட்டவைதான், ஃபியூஸும் அப்படியே.

ஈயப் பேட்டரியின் அபாயம் வேறு. கூடுதலாகச் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளக்கூடிய வாயு. மிக லேசானது, மேலே ஏறி மூலையில் தேங்கும். பேட்டரிப் பெட்டிக்கு மேல்பக்கம் காற்றுவழி வைப்பது அதற்காக. பெட்ரோல் ஆவி நேர் எதிர், காற்றைவிடக் கனம், கீழே இறங்கிப் பில்ஜில் படுத்திருக்கும். பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் கிளப்பும் முன் நான்கு நிமிடம் புளோயரை, அதாவது உள்காற்றை வெளியேற்றும் விசிறியை, ஓட்டச் சொல்லும் எச்சரிக்கை இதற்குத்தான். அந்த அறையில் உள்ள ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், பம்ப் எல்லாம் உள்பொறி வெளி ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். காருக்கான ஆல்டர்நேட்டர் பார்க்க அதேபோல் இருக்கும், போல்ட்டும் பொருந்தும், விலையும் குறைவு. அதை வாங்கி மாட்டியவர் தன் படகில் ஒரு தீப்பெட்டியை மாட்டியிருக்கிறார்.

டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாகாது, அதனால் டீசல் யாட் என்றால் நிம்மதி என்று சொல்வார்கள். பாதி உண்மை. குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து டீசல் புகைபோல் தெறித்து, சூடான டர்போவின் மேல் பட்டால் பொறியே தேவையில்லை. கப்பல்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு ஒப்பந்தமான சோலாஸின் விதி 220 டிகிரியைத் தாண்டும் பரப்புகளை மூடி வைக்கச் சொல்வது இந்தக் காரணத்தால். பொறியும் இருந்தால் இன்னும் சுலபம்.

பற்றிக்கொண்டால்

மின் தீயை மற்ற தீயிலிருந்து பிரிக்கும் விஷயம் ஒன்று: அதற்கு உணவு போட்டுக்கொண்டே இருக்கும் கை ஒன்று பின்னால் இருக்கிறது. நீங்கள் எத்தனை சிலிண்டர் பவுடர் அடித்தாலும் பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை அந்தச் சூடான லக் சூடாகவே இருக்கும், அணைந்த ஒயர் மறுபடி பற்றும். அதனால் முதல் வேலை மின்சாரத்தை வெட்டுவது. பேட்டரி மெயின் சுவிட்ச், சார்ஜர், ஜெனரேட்டர், கரை மின்சாரம், நான்கும். பேட்டரி சுவிட்ச் எஞ்சின் அறைக்குள்ளேயே இருக்கும் படகுகளை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வரும். தீப்பிடித்த அறைக்குள் போய்த்தான் தீயை நிறுத்தும் சுவிட்சைத் தொட முடியும் என்றால் அதை வைத்தவர் என்னதான் நினைத்திருப்பார்?

இரண்டாவது, கதவைத் திறக்காதீர்கள். புகை வருகிறதே, என்ன என்று பார்ப்போம் என்று தரைப் பலகையைத் தூக்குவது மனித இயல்பு. மூடிய அறையில் ஆக்ஸிஜன் குறைந்து தீ மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும், நீங்கள் திறந்தவுடன் அது உங்கள் முகத்துக்கு வரும். ஒயரின் பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், இரண்டு மூச்சு இழுத்தாலே தொண்டை எரிந்து கண் திறக்க முடியாது. இதற்காகவே சில படகுகளில் கதவில் சின்ன ஓட்டை ஒன்று விட்டிருப்பார்கள், கையில் இருக்கும் தீயணைப்பானின் குழாயை அதில் செருகி அடிக்கலாம்.

தானியங்கித் தீயணைப்பு சிலிண்டர் இருந்தால் நல்லது. பல சிலிண்டர்களின் தலையில் சுமார் 79 டிகிரியில் உடையும் கண்ணாடிக் குமிழ் ஒன்று இருக்கும், அது உடைந்தால் வாயு அறையை நிரப்பும். ஆனால் அந்த நேரத்தில் டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? எஞ்சின் அதே அறையிலிருந்துதான் காற்றை இழுக்கிறது. விலை கொடுத்து வாங்கிய வாயுவை இழுத்து எக்ஸாஸ்ட் வழியாகக் கடலில் விட்டுவிடும். புளோயர் ஓடினாலும் இதே கதை. அதனால் சிலிண்டர் அடிக்கும்போதே எஞ்சினையும் ஜெனரேட்டரையும் புளோயரையும் நிறுத்தும் கருவி கூட வேண்டும், இல்லையென்றால் நிறுத்தும் கை உங்களுடையதாக இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு வகை சிலிண்டர் என்றால் உள்ளே ஆள் யாரும் இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள், அது தீயையும் மனிதனையும் பாகுபாடு பார்க்காது.

வாயு அடித்த பிறகும் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. உள்ளே உலோகம் இன்னும் சூடாக இருக்கும், புதுக் காற்று கிடைத்தால் மறுபடி தொடங்கும். இதற்குள் ரேடியோவில் உதவி கேட்டு, லைஃப் ஜாக்கெட் போட்டு, எல்லோரும் வெளித்தளத்துக்கு, காற்று வரும் பக்கமாக வந்திருக்க வேண்டும். ஃபைபர் கிளாஸ் படகு ஒருமுறை நன்றாகப் பற்றிவிட்டால் அணைப்பது மிகக் கடினம், படகை விட்டு இறங்கும் முடிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பது

முதல் கருவி மூக்கு. கருகும் பிளாஸ்டிக் வாசனை எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதற்கு முன்பே சூடாகும் சில பிளாஸ்டிக்குகள் மீன் வாடைபோல் ஒன்றைக் கிளப்பும். கடலில் இருப்பதால் மீன் வாடை வருவது இயல்புதானே என்று விட்டுவிடுவோம்.

இரண்டாவது மல்டிமீட்டர். ஓமில் பார்த்தால் தெரியாது என்றேன். வேறு வழி இருக்கிறது: நிறையக் கரண்ட் ஓடவிட்டு, இணைப்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முனைகளை வைத்து வோல்ட் அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்தான் வரும். 100 ஆம்ப் ஓடும்போது அரை வோல்ட் காட்டினால், அங்கே நம் 50 வாட் சால்டரிங் அயர்ன் உட்கார்ந்திருக்கிறது.

தூரத்திலிருந்து வெப்பம் அளக்கும் துப்பாக்கி போன்ற கருவியும் நல்லதுதான், ஒரு எச்சரிக்கையோடு. பளபளக்கும் உலோகத்தின் மேல் காட்டினால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். லக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும், அல்லது பக்கத்து இன்சுலேஷனில்.

கண்ணால் பார்க்க வேண்டியவற்றில் நான் முதலில் பார்ப்பது போல்ட்டில் லக்குகள் அடுக்கியிருக்கும் வரிசை. அதிகக் கரண்ட் போகும் லக் அடியில், உலோகப் பரப்போடு நேராக ஒட்டி இருக்க வேண்டும்; வாஷரும் நட்டும் கடைசியில் மேலே. இரண்டு லக்குகளுக்கு நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர் ஒன்றைப் போட்டிருப்பார்கள், பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைவிடச் சுமார் 40 மடங்கு அதிகமாக மின்சாரத்தைத் தடுக்கும் உலோகம். ஒரே போல்ட்டில் நான்குக்கு மேல் லக் கூடாது என்பது ஏபிஒய்சி கணக்கு, ஏழெட்டு இருப்பதைப் பார்த்தால் யாரோ வருடா வருடம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கேபிளுக்கு உள்ளே இருப்பது வெள்ளீயம் பூசிய செம்பா, வெறும் செம்பா என்பதையும் ஒரு முனையில் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். வெறும் செம்பு என்றால் களிம்பு இன்சுலேஷனுக்குள்ளேயே பல அங்குலம் ஏறியிருக்கும், வெளியே தெரியாது.

கடைசியாக ஒரு சோதனை, செலவே இல்லாதது. கரை மின்சாரத்தைக் கழற்றி, சார்ஜரை அணைத்து, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஒயரின் மறுமுனையையும் தேடிப் போய் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்தோம் என்று நினைத்தபோதும் சிலவற்றில் 12 வோல்ட் இருக்கும். பில்ஜ் பம்பின் மிதவை சுவிட்ச், ஆவி கண்டுபிடிக்கும் கருவி, சோலார் கன்ட்ரோலர், பாட்டுப் பெட்டியின் நினைவகம். இவை சுவிட்சுக்கு முன்னாலேயே பேட்டரியில் நேராகத் தொடுத்தவை, அவற்றில் சில வேண்டுமென்றே அப்படி வைத்தவை. படகில் ஆள் இல்லாதபோதும் பில்ஜ் பம்ப் ஓடத்தான் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பேட்டரி ஓரத்தில் சின்ன ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததற்குப் போட்டுவிட்டு, அவற்றின் பெயரை ஒரு அட்டையில் எழுதி மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். புகை வரும் இரவில் சுவிட்சை அணைக்கப்போகிறவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.